நாலாவது தேக்கரண்டி

சாப்பிட உட்காரும்போது கெல் கேட்பது ஒரே ஒரு கேள்விதான். "எத்தனை?"

ரேலீன் ஓர் எண்ணைச் சொல்வாள். அவன் இன்சுலின் பேனாவின் அடிப்பக்கத்தைத் திருகுவான். டக் டக்கென்று அந்த எண் வந்ததும் சட்டையைத் தூக்கி வயிற்றில் குத்திக்கொள்வான். அதற்குப் பிறகுதான் தட்டை இழுப்பான். புருஷன் ஆட்டு ரோமம் கத்தரிக்க, பெண்டாட்டி அந்தக் கூட்டத்துக்கே சமைக்க, இருவரும் கொட்டகை கொட்டகையாக ஊர் சுற்ற ஆரம்பித்துப் பதினாறு வருஷமாகிறது. சர்க்கரை நோய் வந்து எட்டு வருஷம். எட்டு வருஷமாக இந்தக் கேள்வியும் பதிலும் நாளுக்கு மூன்று வேளை தவறாமல் நடந்து வந்தன.

அந்த எண் எப்படி வருகிறது என்று அவன் கேட்டதே இல்லை. வானொலியில் சொல்லும் மழையை நம்ப மாட்டான். மருந்துக்கடைக்காரனை நம்ப மாட்டான். கூடப் பிறந்த அண்ணன் மாடு விலை சொன்னால் நாலு இடத்தில் விசாரிப்பான். ஆனால் ரேலீன் பதினொன்று என்றால் பதினொன்று, அதற்கு மேல் பேச்சில்லை. அவளுக்கு அதில் கொஞ்சம் கர்வம்கூட உண்டு. இருக்கட்டும், கர்வப்படும்படியாகத்தான் அவளும் உழைத்திருந்தாள்.

ஆரம்பத்தில் நகரத்து ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் எல்லாவற்றையும் கிராமில் நிறுத்துப் பார்க்கச் சொல்லிக் கொடுத்தாள். மாவு இத்தனை கிராம், சர்க்கரை இத்தனை கிராம், அதில் மாவுச்சத்து இவ்வளவு, பத்து கிராமுக்கு ஒரு யூனிட் ஊசி. கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அந்த நர்ஸ் டார்லிங் ஆற்றுக்கு அந்தப் பக்கத்துச் சாலைகளைப் பார்த்ததில்லை. லாரியின் பின்னால் நானூறு கிலோமீட்டர் குலுங்கி வந்தால் எந்தத் தராசு தாங்கும்? முதல் தராசின் முள் ஒடிந்தது. இரண்டாவதற்குள் செம்மண் புகுந்தது. மூன்றாவது நேர்மையான முகத்தோடு பொய் சொன்னது. அதுதான் எல்லாவற்றிலும் மோசம்.

அதனால் ரேலீன் ஒரு காரியம் செய்தாள். ஒரு சின்ன ஊரின் தபால் நிலையத்தில் பார்சல் நிறுக்கும் தராசைக் கெஞ்சி வாங்கி, அரை நாள் நின்று, தன் பழைய மேசைக்கரண்டியால் ஒவ்வொன்றையும் அள்ளிக் கத்தியால் மட்டம் தட்டி நிறுத்தாள். ஒரு கரண்டி மாவு பன்னிரண்டு கிராம். கோல்டன் சிரப் என்கிற அந்தக் கெட்டிப் பாகு, கரண்டியை வெந்நீரில் முக்கி அள்ளினால் இருபத்தெட்டு. சீனி பதினேழு, ஓட்ஸ் எட்டு. எல்லாவற்றையும் மாவு டின் மூடியின் உள்பக்கம் பென்சிலால் எழுதி வைத்தாள். அன்றிலிருந்து அந்தக் கரண்டிதான் அவளுக்குத் தராசு. மற்றவர்களுக்கு அண்டாவில் சமைத்தாலும் கெல்லுக்கு மட்டும் ஒரு சின்னப் பானையில் தனியாக, கரண்டி எண்ணி, சமைப்பாள்.

போன வாரம் முடித்த கொட்டகையைக் காலி செய்யும்போது அந்தக் கரண்டி தொலைந்துவிட்டது. யார் தூக்கி எங்கே போட்டார்களோ, குப்பையோடு போயிற்றோ. ரேலீன் கவலைப்படவில்லை. அமெரிக்காவில் வாழ்க்கைப்பட்ட தங்கை க்ளெனிஸ் போன கிறிஸ்துமஸுக்கு அனுப்பிய அளவுக் கரண்டிகள் பெட்டி பிரிக்காமல் இருந்தன. ஒரு வளையத்தில் கோத்து, எவர்சில்வரில், முகம் பார்க்கலாம் போல மின்னின. பெரியது மேசைக்கரண்டி, அடுத்தது தேக்கரண்டி, பிறகு அரை, கால். பிடியில் பேரே பொறித்திருந்தது. மேசைக்கரண்டி போனால் என்ன, இன்னொரு மேசைக்கரண்டி. இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

மரால்கா பண்ணையில் திங்கட்கிழமை வேலை தொடங்கியது. ஒன்பது கத்தரிப்பாளர்கள், கம்பளி தரம் பிரிக்கிற பெவ், இவர்களுக்கெல்லாம் மேஸ்திரியாக ஸ்னோ. தலை முழுக்க நரைத்த ஸ்னோ சத்தம் போட மாட்டான். சொன்னதைத் திரும்பச் சொல்லவும் மாட்டான். போன வருஷம் சர்க்கரை இறங்கி கெல் ஆட்டின் மேலேயே சாய்ந்து, கையிலிருந்த கத்தரி இயந்திரம் அவன் தொடையை நாலு அங்குலம் கிழித்தபோது ஸ்னோதான் இடைவாரை அவிழ்த்துக் கட்டுப் போட்டான். தையல் பிரித்து வந்த அன்று சொன்னான், "இன்னொரு தடவை என் கண்ணு முன்னால நீ விழுந்தா, உன் இடத்துல வேற ஆள் நிப்பான் கெல். செத்த ஆளை வீட்டுக்கு அனுப்பற வேலை எனக்கு வேண்டாம்."

திங்கட்கிழமை மதியத் தேநீர் இடைவேளையில், அந்த ஊர்க்காரர்கள் ஸ்மோக்கோ என்று சொல்வார்கள், கெல்லின் கை நடுங்கியது. சட்டைப் பையில் எப்போதும் இருக்கும் புகையிலை டப்பாவைத் திறந்து நாலு ஜெல்லி மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டான். சரியாகிவிட்டது. செவ்வாய்க்கிழமை இரண்டு தடவை அப்படி ஆயிற்று. சட்டை நனைய வேர்த்தது. ரோமத்தை மேசையில் விரித்துக்கொண்டிருந்த பெவ் ஏதோ கேட்டதற்கு, ஜென்மத்தில் பெண்களிடம் குரல் உயர்த்தாதவன், காது கூசும்படி திட்டினான்.

"உன் வீட்டுக்காரனுக்கு என்ன வந்துச்சு ரே?" என்று சமையலறை வாசலில் நின்று பெவ் கேட்டாள். "மூஞ்சி சுண்ணாம்படிச்ச மாதிரி இருக்கு. என்னை என்ன பேச்சுப் பேசிட்டான் தெரியுமா?"

"எனக்குத் தெரியாம எதையாவது குடிக்கிறானோ என்னவோ. இல்லாட்டி ஊசியை ரெண்டு தடவை போட்டுக்கறானோ. அவனைக் கேட்டா வாயைத் திறந்து சொல்லிடுவானாக்கும்?"

அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் அவனைப் பிடித்து உலுக்கினாள். ஒளித்து ஒளித்துப் பீர் குடிக்கிறாயா என்றாள். மறந்துபோய் இரண்டு தடவை குத்திக்கொண்டாயா என்றாள். அவன் இல்லை இல்லை என்று தலையாட்டினான். "நீ சொன்ன நம்பரைத்தான் போட்டேன் கிழவி" என்றான். நாற்பத்தாறு வயதில் அவளைக் கிழவி என்று கூப்பிட அவன் ஒருவனுக்குத்தான் உரிமை.

புதன்கிழமை காலையிலிருந்தே மேற்கே வானம் ஈயம் மாதிரி கறுத்துக் கிடந்தது. பதினோரு மணிக்கு ஒரு மழை கொட்டிவிட்டுப் போயிற்று. கறுப்பு மண் களியானது. காக்கைகள் கொட்டகைக் கூரையில் வந்து உட்கார்ந்துகொண்டு கத்தாமல் பார்த்துக்கொண்டிருந்தன. கத்தினால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது ரேலீனுக்கு.

பன்னிரண்டு மணிச் சாப்பாட்டுக்குக் குளிர்ந்த ஆட்டிறைச்சியும் பாகில் வேகவைத்த மாவு உருண்டையும். கெல்லின் பானைக்கு ஆறு கரண்டி மாவு, மூன்று கரண்டி பாகு. மூடியைப் பார்த்தாள்; மாவு எழுபத்திரண்டு, பாகு எண்பத்துநாலு, ஆக நூற்று ஐம்பத்தாறு கிராம். இரண்டிலுமே ஏறக்குறைய முக்கால் பங்கு மாவுச்சத்து. நூற்றுப் பதினேழு. பன்னிரண்டு யூனிட்.

"எத்தனை?"

"பன்னிரண்டு."

கெல் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு திருகாமல் உட்கார்ந்திருந்தான். அப்படி அவன் உட்கார்ந்து அவள் பார்த்ததில்லை.

"எனக்கென்னவோ இன்னிக்கு ஒம்போது போதும்னு தோணுது ரே."

"தோணுதா? உடம்புக்குள்ள போய்ப் பார்த்துட்டு வந்தியாக்கும்? ஒவ்வொரு கரண்டியும் நானே மட்டம் தட்டிப் போட்டிருக்கேன். பன்னிரண்டுன்னா பன்னிரண்டுதான். கொறைச்சுப் போட்டு சர்க்கரை ஏறிக் கண்ணு போச்சுன்னா யார் உன்னைக் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போறது?"

பக்கத்தில் இருந்த இருவர் சிரித்தார்கள். "போடுறா மாப்ள, அடுப்படிச் சட்டத்தை மீறாதே" என்றான் ஒருவன். கெல்லும் சிரித்துவிட்டு, பன்னிரண்டு வரை திருகிக் குத்திக்கொண்டான்.

அவன் எழுந்து போகும்போது ரேலீன் மெதுவாகச் சொன்னாள், "மத்தியானம் ஓட்டுப் போடுவீங்கல்ல, ஈரம்னு எழுதிடு. கொஞ்ச நேரம் படுத்தா தேவலையாயிடும்."

ஈர ஆட்டைக் கத்தரித்தால் மூட்டுவாதம், கொப்புளம், காய்ச்சல் எல்லாம் வரும் என்பது அவர்கள் கணக்கு. அதனால் மழை பெய்த நாளில் ஆளுக்கு இரண்டு ஆடு கத்தரித்துப் பார்த்துவிட்டு, ஈரமா காய்ந்ததா என்று துண்டுச் சீட்டில் எழுதித் தொப்பிக்குள் போடுவார்கள். ஈரம் என்பது அதிகமானால் அன்றைக்கு வேலை கிடையாது. மேஸ்திரியாலும் மாற்ற முடியாது, பண்ணை முதலாளி தலைகீழாக நின்றாலும் மாற்ற முடியாது. அன்று ஒன்றேகாலுக்கு ஸ்னோ தொப்பியைக் கவிழ்த்து எண்ணினான். ஐந்து ஈரம், நாலு காய்ந்தது.

ரேலீனுக்குச் சந்தோஷம். ஐந்தாவது சீட்டு யாருடையது என்று தனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டாள். கெல் படுக்கப் போகவில்லை என்பது மட்டும் தெரியவில்லை. ஓடையில் புதுத் தண்ணீர் வருகிறது, மஞ்சள்வயிற்று மீன் கடிக்கும் என்று தூண்டிலைத் தோளில் போட்டுக்கொண்டு தனியாகக் கிளம்பிவிட்டான். களியில் வண்டி போகாது. ஓடை வரை இரண்டு கிலோமீட்டரும் நடைதான்.

வேலை இல்லாவிட்டாலும் மூன்று மணிக்கு வயிறுகளுக்குத் தேநீரும் பிஸ்கட்டும் வேண்டும். ரேலீன் ஓட்ஸ் பிஸ்கட்டுக்கு மாவு கலந்தாள். முந்தின நாள் இதே பிஸ்கட் உதிர்ந்தும் கடிக்க முடியாமலும் வந்து மானம் போயிருந்தது. 'இதைக் கொண்டு கூரைக்கு ஓடு வேயலாமே' என்று ஆளாளுக்குக் கிண்டல். அடுப்புப் பக்கம் திரும்பும்போது வளையத்திலிருந்து கழற்றி வைத்திருந்த மேசைக்கரண்டி கை பட்டு, அடுப்புக்கும் சுவருக்கும் நடுவில் விழுந்தது. கொதிக்கிற அடுப்புக்குப் பின்னால் கையை விட முடியுமா? சனியன் கிடக்கட்டும் என்று தேக்கரண்டியை எடுத்தாள். நாலு தேக்கரண்டி ஒரு மேசைக்கரண்டி. அவள் தேசத்தில் பள்ளிக்கூடச் சமையல் வகுப்பில் உட்கார்ந்த எந்தப் பெண்ணுக்கும் அது தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும். இரண்டு மேசைக்கரண்டிப் பாகுக்கு எட்டுத் தேக்கரண்டி ஊற்றினாள்.

பிஸ்கட் பிரமாதமாக வந்தது. தட்டில் அழகாகப் பரவி, ஓரம் சிவந்து, நடுவில் மெத்தென்று. வழக்கமாக அவள் கைக்கு எப்படி வருமோ அப்படி.

அவள் ஒன்றை எடுத்து உடைத்துப் பார்த்துக்கொண்டு நின்றாள். அதே மாவு, அதே வெண்ணெய், அதே அடுப்பு. நேற்று ஓடு, இன்று பிஸ்கட். நேற்று மேசைக்கரண்டி, இன்று தேக்கரண்டி.

பெவ் தேநீருக்கு வந்தபோது ரேலீன் தரையில் குப்புறப் படுத்து, நெருப்புக் கிளறும் கம்பியால் அடுப்புக்குப் பின்னால் துழாவிக்கொண்டிருந்தாள்.

"என்ன ரே, எலியா?"

ரேலீன் கம்பியை இன்னும் உள்ளே விட்டாள். கரண்டியை இழுத்து எடுத்து, துடைத்து, மேசை மேல் வைத்து, ஒரு கோப்பைத் தண்ணீரைப் பக்கத்தில் வைத்தாள். தேக்கரண்டியால் மொண்டு மேசைக்கரண்டியில் ஊற்றினாள். ஒன்று. இரண்டு. மூன்று. மேசைக்கரண்டி விளிம்பு வரை நிறைந்து நின்றது.

நாலாவதை ஊற்றினாள். அது அப்படியே வழிந்து, மேசையில் ஓடி, விளிம்பில் சொட்டியது.

"இதுல என்ன அதிசயம்?" என்றாள் பெவ்.

"மூணுதான் பிடிக்குது." ரேலீனின் குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது. "மூணுதான் பிடிக்குது பெவ். அமெரிக்காக்காரன் கரண்டி சின்னது. நம்மளுதுல நாலு பிடிக்கும். நான் மூடியில எழுதினதெல்லாம் நம்ம கரண்டிக்கு. திங்கக்கிழமைலேருந்து ஒவ்வொரு வேளையும் அவன் தட்டுல கால்வாசி கொறைச்சுப் போட்டுட்டு, முழுசுக்கும் ஊசி போடச் சொல்லியிருக்கேன்."

பென்சிலை எடுத்து மூடியின் மேலேயே கணக்குப் போட்டாள். மாவு கரண்டிக்கு ஒன்பது கிராம். ஆறு கரண்டி ஐம்பத்துநாலு. பாகு இருபத்தொன்று; மூன்று கரண்டி அறுபத்துமூன்று. முக்கால் பங்கு எடுத்தாள். பத்தால் வகுத்தாள். வந்த எண்ணை மறுபடி ஒரு தடவை போட்டுப் பார்த்தாள்.

ஒன்பது.

கெல்லின் படுக்கைக்கு ஓடினாள். விரிப்புக் கலையாமல் இருந்தது. தலையணை மேல் புகையிலை டப்பா திறந்து கிடந்தது. உள்ளே ஒரு மிட்டாய் இல்லை. மூன்று நாளில் எல்லாவற்றையும் தின்று தீர்த்திருக்கிறான். வெள்ளிக்கிழமைத் தபால் லாரியில்தான் அடுத்த பொட்டலம் வரவேண்டும், சர்க்கரை இறங்கினால் அவசரத்துக்குப் போடும் ஊசியும் அதில்தான் வரவேண்டும். பழைய ஊசி, அந்தப் பக்கத்தில் குளிர்காலமான ஆடி மாதத்தில், ஒரு தடவை செலவாகிவிட்டது.

"மீன் பிடிக்கப் போனானே, நான் பார்த்தேன்" என்றாள் பின்னாலேயே வந்த பெவ். "ஒண்ணரை மணி இருக்கும். வா, ஸ்னோகிட்ட சொல்லி டிராக்டரை எடுக்கச் சொல்லுவோம்."

ரேலீன் நின்றாள். இதைச் சொல்லத்தான் வேண்டும்: அவள் நின்றாள். ஸ்னோவிடம் சொன்னால் கெல்லின் இடம் போய்விடும். நாமிருவரும் ஓடிப் போய்ப் பார்த்தால் என்ன, சும்மா மரத்தடியில் தூங்கிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரியாமல் கூட்டி வந்துவிடலாமே என்று அவள் மனம் கணக்குப் போட்டது. அதற்கு ஒரு நிமிஷம் ஆகியிருக்கும். அந்த ஒரு நிமிஷத்தைப் பின்னால் எத்தனையோ தடவை திரும்ப எடுத்துப் பார்த்தாள்.

"நீ போய் ஸ்னோகிட்ட சொல்லு" என்றாள் கடைசியில். பாகு டின்னை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடையைப் பார்க்க ஓடினாள்.

ஓடினாள் என்பது பேச்சுக்குத்தான். அந்த மண்ணில் ஓட முடியாது. எட்டு வைக்க எட்டு வைக்கக் களி பூட்ஸில் அப்பி, பத்து எட்டில் ஒவ்வொரு காலும் ஒரு பானை கனம் கனத்தது. நின்று உதறினால் அடுத்த பத்து எட்டில் மறுபடி அதே பானை. பக்கத்தில் கெல்லின் அடித்தடம் போய்க்கொண்டிருந்தது. முதலில் நேராகப் போன தடம், வேலிக்கு அப்புறம் கோணலாயிற்று. ஓரிடத்தில் வட்டமடித்துத் திரும்பி வந்து மறுபடி அதே பக்கம் போயிருந்தது. வழி தெரியாதவன் நடந்த மாதிரி இருந்தது. இந்தப் பண்ணைக்கு அவன் வருவது இது ஏழாவது வருஷம்.

அவள் சத்தம் போட்டுக் கூப்பிட்டாள். பதில் இல்லை. ஓடையின் இரைச்சல் மட்டும் கிட்டே வந்துகொண்டிருந்தது. இந்தக் களியை இரண்டு கிலோமீட்டர் மிதித்தால் நல்ல உடம்புக்கே தெம்பு வற்றும். அவனுக்குள்ளே மூன்று யூனிட் கூடுதல், காலையில் வேறு கூடுதல். பன்னிரண்டு மணிக்குப் போட்டது மூன்று மணிக்குத்தான் உச்சத்துக்கு வரும் என்று நர்ஸ் சொன்னது ஞாபகம் வந்தது. இப்போது மணி என்ன என்று பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

கரையில் முதலில் தொப்பி கிடந்தது. பிறகு தூண்டில் கழி, சேற்றில் குத்தியபடி. மிதவைத் தக்கை நுரையில் துள்ளிக்கொண்டிருந்தது. கெல் ஒரு மரவேரில் முதுகு சாய்ந்து உட்கார்ந்திருந்தான். கால்கள் முழங்கால் வரை தண்ணீருக்குள் இருந்தன. அவன் உட்கார்ந்தபோது அங்கே தண்ணீர் இருந்திருக்காது. ஓடை ஏறிக்கொண்டிருந்தது.

"கெல்! ஏய்! கெல்!"

கண் பாதி திறந்திருந்தது. கறுவிழி அவளைப் பார்க்கவில்லை. தொட்டால் மீன் மாதிரி ஜில்லென்று வேர்த்திருந்தான். தாடை இறுகிப் பூட்டிக் கிடந்தது. அக்குளில் கை கொடுத்து இழுத்தாள். அசையவில்லை. இன்னொரு தடவை, தெய்வத்தையும் க்ளெனிஸையும் சேர்த்துத் திட்டிக்கொண்டே இழுத்து, கரை மேல் சாய்த்து, ஒருக்களித்துப் படுக்க வைத்தாள். டின்னுக்குள் இரண்டு விரலை விட்டுப் பாகை அள்ளி, அவன் உதட்டை விலக்கி, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் தேய்த்தாள். மறுபடி அள்ளித் தேய்த்தாள். எத்தனை விரல் என்று எண்ணவில்லை. எட்டு வருஷத்தில் அவனுக்கு எண்ணாமல் கொடுத்தது அது ஒன்றுதான்.

"முழுங்குடா. முழுங்கு. நீ சொன்னதுதான் சரி, ஒம்போதுதான், கேக்குதா? ஒம்போதுதான் கெல்."

டிராக்டர் சத்தம் கேட்டபோதும் அவன் அசையவில்லை. ஸ்னோ குதித்து இறங்கி வந்து கழுத்தில் கை வைத்துப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் மண்டியிட்டான். பெவ் கெல்லின் தலையைப் பிடித்துக்கொண்டாள். டின்னில் பாதி காலியானபோது ரேலீனின் விரலில் சுரீரென்று வலித்தது. கெல் கடித்தான். எலும்பு வரை கடித்தான். அவள் விரலை எடுக்கவே இல்லை.

"கடிடா" என்று அழுதாள். "நல்லாக் கடி."

இன்னும் ஒரு கால் மணி கழித்து அவன் கெட்ட வார்த்தை ஒன்றைச் சொன்னான். பிறகு, "மீன் கடிச்சுதா?" என்று கேட்டான்.

திரும்பி வந்ததும் ஸ்னோ ரேடியோவில் பறக்கும் டாக்டரைப் பிடித்தான். ஓடுதளம் சேறாகக் கிடக்கிறது, விமானம் நாளைக்கு முன்னால் இறங்க முடியாது. ராத்திரிச் சாப்பாட்டுக்கு ஊசியைக் குறைத்துப் போடச் சொன்னார் டாக்டர். "சாப்பாட்டுல எத்தனை கிராம் இருக்குன்னு அம்மாவுக்குத் தெரியும்ல?" என்று இரைச்சலுக்கு நடுவில் அவர் கேட்டதற்கு ரேலீன் ஆமாம் என்றுதான் சொன்னாள். வேறு என்ன சொல்ல? விரலில் சுற்றிய துணியில் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. அவள் ஸ்டூ வைத்தாள்.

ஆறு மணிக்கு எல்லாரும் உட்கார்ந்தார்கள். யாரும் கிண்டல் பேசவில்லை. கூரைத் தகரத்தில் மறுபடியும் தூறல் விழ ஆரம்பித்திருந்தது. கெல் முகம் கழுவி, தலை சீவி, வழக்கமான இடத்தில் உட்கார்ந்திருந்தான். தூண்டில் போட்டதுவரைதான் அவனுக்கு ஞாபகம்; அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. தலை வலிக்கிறது என்றான்.

ஸ்னோ எழுந்து நின்றான். "கெல், போன வருஷம் ஒண்ணு சொன்னேன், ஞாபகம் இருக்கும். வெளியே போறப்ப கையோட இனிப்பு எடுத்துக்கிட்டுப் போகத் தெரியாதவனை நான் இனிமே..."

"தெரியும் ஸ்னோ. சாப்ட்டுட்டுக் கேட்டுக்கறேனே" என்றான் கெல். பேனாவைக் கையில் எடுத்து, சமையலறைப் பக்கம் திரும்பினான். குரலில் எந்த மாற்றமும் இல்லை. எட்டு வருஷமாக எப்படிக் கேட்டானோ அப்படியே கேட்டான்.

"எத்தனை?"

ரேலீன் கரண்டி வளையத்தையும் ஒரு கோப்பைத் தண்ணீரையும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். அவன் தட்டுக்குப் பக்கத்தில் மேசைக்கரண்டியை வைத்தாள். தேக்கரண்டியால் ஒன்று, இரண்டு, மூன்று என்று ஊற்றினாள். நாலாவது வழிந்து மேசை விரிப்பில் ஓடியது. பிறகு பழைய கரண்டி தொலைந்ததையும், இது வேறு அளவு என்பதையும், மூடியில் எழுதிய கணக்கையும், பிஸ்கட்டையும் எல்லாவற்றையும் சொன்னாள். ஓடைக்கரையில் மயங்கிக் கிடந்தது அவன் தப்பில்லை என்றாள். "தப்பு என்னுது. ஆளை மாத்தணும்னா சமையக்காரியை மாத்து ஸ்னோ. நீங்கெல்லாம் வேணும்னா ஓட்டுப் போட்டுக்குங்க."

ஸ்னோ வழிந்த தண்ணீரைப் பார்த்தான். "சரி, அவன் இடம் அவனுக்குத்தான்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டான்.

கெல்லும் தண்ணீரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். "அப்போ மத்தியானம் எத்தனை போட்டிருக்கணும்?"

அவள் கரண்டியிலிருந்த தண்ணீரைக் கோப்பையில் கவிழ்த்தாள். "ஒம்போது."

அவன் தலையை ஆட்டினான். கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் அவள் தாங்கிக்கொண்டிருப்பாள். "நான் அதைத்தானே சொன்னேன்" என்றான், ஏதோ வானிலையைப் பற்றிச் சொல்வதுபோல.

பிறகு சுவர்ப் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்து, பேனாவின் அடிப்பக்கத்தைத் திருகினான். பழக்கதோஷத்தால் அவள் காது டக் டக்கை எண்ண ஆரம்பித்தது. ஒன்று, இரண்டு, மூன்று. அதற்குள் தகரத்தில் மழை வலுத்துவிட்டது. அவன் சட்டையைத் தூக்கிக் குத்திக்கொண்டு பேனாவைப் பையில் போட்டான்.

"கெல்" என்றாள் ரேலீன். "எத்தனை?"

அவன் தட்டை இழுத்துக்கொண்டு சாப்பிட ஆரம்பித்தான்.